டிக்கியில் கிடக்கும் சாக்கு மூட்டை

பதிவு கொஞ்சம் நீளம். வகுப்பிலும் நான் மணி அடித்த பிறகு ஐந்து நிமிடம் எடுத்துக்கொள்பவன்தான். பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன மாதம் நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவிலும் பழைய மாணவர் குழுவிலும் என் காரை விற்கப்போவதாக ஓர் அறிவிப்பு போட்டேன். பார்க்காதவர்களுக்காக இதோ:

“மாருதி ஸ்விஃப்ட் டீசல். 2011 மாடல். ஒரே ஓனர். 1,38,000 கி.மீ. ஓடியது. கம்பெனியிலிருந்து வந்தபடி இல்லை. ஈ.சி.யூ. ரீமேப் செய்யப்பட்டது. ஈ.ஜி.ஆர். அடைக்கப்பட்டது. சைலன்ஸர் வேறு. ஸ்பிரிங் மாற்றி உயரம் குறைக்கப்பட்டது. பெரிய அலாய் வீல். கிளட்ச் ஒருமுறை மாற்றியாயிற்று. கழற்றிய ஒரிஜினல் பாகங்கள் சாக்கில் பத்திரமாக உள்ளன.”

அரை மணி நேரத்தில் போன் மேல் போன்.

தங்கை மகன்: “மாமா, இதெல்லாம் யாராவது சொல்லிட்டு விப்பாங்களா? ‘நல்ல பிக்கப், ஸ்பேர் பார்ட்ஸ் ஃப்ரீ’ன்னு போடுங்க, போதும்.” 2004 பேட்ச் மாணவன் ஒருவன்: “சார், வாங்குறவன்தான் பாத்து வாங்கணும்.” தெரிந்த புரோக்கர் ஒருவர் நேராகவே வீட்டுக்கு வந்துவிட்டார்: “வாத்தியாரே, ஃபார்ம் 29, 30-ல கையெழுத்து மட்டும் போட்டுக் குடுங்க. பேரு, தேதி எதுவும் வேணாம். பணம் இப்பவே.”

இந்த மூன்று பேருக்கும்தான் இந்தப் பதிவு. இவர்களைப் போல நினைக்கும் மற்ற முந்நூறு பேருக்கும்.

முதலில் என் குற்றத்தைச் சொல்லிவிடுகிறேன். வண்டியை மாற்றியவன் என் சின்ன மகன், கல்லூரி படிக்கும்போது. பணம் கொடுத்தவன் நான். எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையில் அதிகாலையில் கன்டெய்னர் லாரிகளை அது முந்திப்போன வேகத்தை நானும் ரசித்தேன். வெப்பவியல் நடத்தியவனுக்கு ஈ.ஜி.ஆர். எதற்கு என்று தெரியாதா? தெரியும். தெரிந்தே விட்டேன்.

தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. டீசல் இன்ஜினில் எரிப்பு வெப்பம் ஏறினால், காற்றிலுள்ள நைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்து நைட்ரஜன் ஆக்சைடு உருவாகும். மூச்சுக்குழாயை அரிக்கும் வாயு அது. புகையில் ஒரு பங்கை மீண்டும் உள்ளே அனுப்பி, அந்த வெப்பத்தைக் குறைப்பதுதான் ஈ.ஜி.ஆர். வால்வின் வேலை. கரி அடைக்கிறது, பிக்கப் குறைகிறது என்று ஒரு தகட்டை வைத்து அதை மூடிவிடுகிறோம். ரீமேப் என்பது கம்ப்யூட்டரில் கணக்கை மாற்றி டீசலையும் டர்போ அழுத்தத்தையும் கூட்டுவது. 1248 சி.சி., 75 குதிரைத்திறன் என்று வடிவமைத்த இன்ஜினிடம் அதற்கு மேல் வேலை வாங்குகிறோம். அந்தச் சுமை கிளட்சிலும் டர்போவிலும் கியர்பாக்ஸிலும் போய் விடியும். என் வண்டியின் கிளட்ச் சீக்கிரமே தேய்ந்தது அதனால்தான் என்று நினைக்கிறேன்.

இப்போது வாதங்களுக்கு வருவோம்.

“வாங்குறவன் பாத்து வாங்கணும்.” எதைப் பார்ப்பான் ஐயா? அலாய் வீல் கண்ணுக்குத் தெரியும். ரீமேப் தெரியுமா? இன்ஜினுக்குள் இரண்டு போல்ட்டுக்கு நடுவில் இருக்கும் தகடு தெரியுமா? மீன் வாங்கும்போது செவுளைத் தூக்கிப் பார்க்கலாம். காசிமேட்டில் பிறந்த குழந்தைக்கும் அது தெரியும். கம்ப்யூட்டருக்குச் செவுள் கிடையாது. பார்க்க முடியாததை விற்றவன்தான் சொல்ல வேண்டும்.

“புகைச் சான்று இருக்கே சார்.” இருக்கிறது. எனக்கும் கொடுத்தார்கள். டீசல் வண்டிக்கு அங்கே அளப்பது புகையின் கருமையை மட்டும்தான். நைட்ரஜன் ஆக்சைடை அந்தக் கருவி அளப்பதே இல்லை. ஈ.ஜி.ஆரை அடைத்த வண்டி அந்தத் தேர்வில் நன்றாகவே பாஸ் ஆகும். கேட்காத கேள்விக்கு எவனும் ஃபெயில் ஆவதில்லை, இது உங்களுக்கே அனுபவம்!

2015-ல் ஃபோக்ஸ்வாகன் கம்பெனி மாட்டியது ஞாபகம் இருக்கிறதா? சோதனையின்போது மட்டும் சுத்தமாக ஓடும்படி மென்பொருள் வைத்து, உலகம் முழுக்க சுமார் 1 கோடியே 10 லட்சம் டீசல் வண்டிகளை விற்றது. “வெள்ளைக்காரன் எப்படி ஏமாத்துறான் பாருங்க சார்” என்று அப்போது எனக்குச் செய்தி அனுப்பியவர்களில் இரண்டு பேர், தம் சொந்த வண்டியில் லேப்டாப்பைச் செருகி அதைவிட மோசமாகச் செய்து வைத்திருக்கிறார்கள். பெயர் சொல்லமாட்டேன். தலையைக் குனிந்துகொள்ளுங்கள், போதும்.

“கன்டெய்னர் லாரி விடாத புகையையா உங்க ஸ்விஃப்ட் விடப்போவுது?” இதுதான் எனக்கு மிகவும் கோபம் வந்த வாதம். நாம் எங்கே இருக்கிறோம்? ஒரு பக்கம் மணலி சுத்திகரிப்பு ஆலை, இன்னொரு பக்கம் அனல்மின் நிலையங்கள், நடுவில் துறைமுகத்துக்கு நிற்கும் லாரி வரிசை. 2017 ஜனவரியில் கப்பல் மோதி எண்ணெய் கொட்டியபோது வாளியில் அள்ளினோம். 2023 டிசம்பரில் வெள்ளத்தோடு எண்ணெய் வந்தது. அதே மாதம் எண்ணூரில் நள்ளிரவில் அமோனியா கசிந்து மக்கள் தெருவில் ஓடினார்கள். கம்பெனிகளைக் கண்டித்து நானும் கையெழுத்து போட்டேன், நீங்களும் போட்டீர்கள். அந்தக் கையெழுத்துக்கு மரியாதை வேண்டாமா? டீசல் புகை புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2012-லேயே அறிவித்துவிட்டது. ஊரே அழுக்கு என்பதற்காக நாமும் வாசலில் குப்பை கொட்டுவோமா?

“பேப்பரெல்லாம் புரோக்கர் பாத்துப்பார்.” இங்கேதான் நம் பிள்ளை ஒருவன் கதையைச் சொல்ல வேண்டும். அவன் அனுமதியோடு, பெயர் இல்லாமல்.

இவனும் பழைய டீசல் ஹேட்ச்பேக் வைத்திருந்தான். அதுவும் மாற்றியமைத்த வண்டிதான். ஸ்பேர் பார்ட்ஸை டிக்கியில் போட்டு, தேதியில்லாத படிவங்களில் கையெழுத்து வைத்து ஒரு புரோக்கரிடம் கொடுத்தான். பணம் வந்தது, வண்டி போனது, மறந்துவிட்டான். மூன்று வருடம் கழித்து விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்திலிருந்து வீட்டுக்குச் சம்மன். அந்த வண்டி மோதி ஒருவருக்குக் கால் போயிருக்கிறது. இன்சூரன்ஸ் புதுப்பிக்கவில்லை. ஆர்.சி.யில் பெயர்? இவனுடையதே. நடுவில் இரண்டு பேர் கை மாறியிருக்கிறது, ஒருவரும் பெயர் மாற்றவில்லை. இப்போது லீவு போட்டு கோர்ட் வாசலில் நிற்கிறான். “நான்தான் வித்துட்டேனே சார்” என்று என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அழுதான். நாற்பது வயது ஆம்பளை.

“வித்துட்டேன்” என்பது சட்டத்துக்குப் போதாது. 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் இதே போன்ற வழக்கில் தெளிவாகச் சொல்லிவிட்டது: வண்டி எத்தனை கை மாறியிருந்தாலும், பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர், இழப்பீட்டுப் பொறுப்பும் அவருக்கே. மோட்டார் வாகனச் சட்டம் 50-வது பிரிவின்படி, அதே மாநிலத்துக்குள் விற்றால் 14 நாளுக்குள் விற்றவர் தெரிவிக்க வேண்டும், 30 நாளுக்குள் வாங்கியவர் தெரிவிக்க வேண்டும். வெற்றுப் படிவத்தில் கையெழுத்து போட்டுக் கொடுப்பது, வெற்றுச் செக்கில் கையெழுத்து போட்டுக் கொடுப்பதற்குச் சமம். செக்கிலாவது பேங்கில் இருக்கும் பணம்தான் போகும்.

மாற்றங்களுக்கும் சட்டம் உண்டு. கம்பெனி கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது 52-வது பிரிவு. 2019 ஜனவரியில் கேரள வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அதே வருடம் வந்த திருத்தத்தின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். அது யார் தலையில் விழும்? ஒன்றும் தெரியாமல் வாங்கிய பையன் தலையில். விபத்தென்று போனால், சொல்லாத மாற்றத்தைக் காட்டி இன்சூரன்ஸ் கம்பெனி கையை விரிக்கவும் வாய்ப்பு உண்டு. பதினைந்து வருடம் முடிந்து எஃப்.சி. காட்டப் போகும்போது அவன் என்ன செய்வான்? உங்கள் சாக்கு மூட்டையை அவிழ்த்து, பழைய சைலன்ஸரை ஒரு நாளைக்கு மாட்டி, மறுநாள் கழற்றுவான். நாம் செய்த திருட்டுத்தனத்தை அவனுக்கும் கற்றுக்கொடுத்து அனுப்புகிறோம்.

இத்தனையும் எனக்கு நானே சொல்லிக்கொண்டு, “நான்தான் எல்லாவற்றையும் சொல்லி விற்கிறேனே” என்று கொஞ்சம் பெருமையாகவே இருந்தேன். அப்போது எர்ணாவூரில் நர்ஸாக இருக்கும் ஒரு மாணவி எழுதினாள். அவள் பையனுக்கு இன்ஹேலர் இல்லாமல் இரவு கழியாது. ஒரே வரி: “சார், சொல்லிட்டு வித்தா மட்டும் புகை குறைஞ்சிடுமா?”

பதில் எழுதக் கை வரவில்லை. நாற்பது வருடம் கேள்வி கேட்டவன் ஒரு கேள்வியில் உட்கார்ந்துவிட்டேன்.

என் அப்பா திருவொற்றியூர் என்ஃபீல்டில் ஃபிட்டர். கழற்றும் ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு சீட்டு கட்டி வைப்பார். எந்த வண்டி, எந்த இடம், என்ன தேதி என்று. கழற்றியது திரும்ப மாட்டுவதற்குத்தான் என்பது அவர் கணக்கு. நாம் கழற்றியதைச் சாக்கில் கட்டி “ஸ்பேர் பார்ட்ஸ் ஃப்ரீ” என்கிறோம். அவை ஸ்பேர் இல்லை ஐயா. அந்த வண்டியின் உறுப்புகள்.

மறுநாள் மாணவன் ஒருவனின் ஷெட்டுக்கு வண்டியையும் மூட்டையையும் கொண்டுபோனேன். தகட்டை எடுத்தான், ஈ.ஜி.ஆர். வால்வைக் கழுவி மாட்டினான். பழைய சைலன்ஸர், ஸ்பிரிங், வீல் எல்லாம் திரும்ப ஏறின. ரீமேப் செய்தவரிடம் ஒரிஜினல் ஃபைல் நல்லவேளையாக இருந்தது, அதையே ஏற்றச் சொன்னேன். மொத்தம் 11,500 ரூபாய். புரோக்கர் சொன்ன விலையைவிட 35,000 குறைத்து ஒரு தம்பிக்குக் கொடுத்தேன். முன்பு என்னென்ன செய்யப்பட்டிருந்தது, எப்போது திரும்ப மாற்றப்பட்டது என்று ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்து போட்டோம். பெயர் மாறிய ஆர்.சி. வந்த பிறகுதான் சாவி கைமாறியது. “வேஸ்ட் பண்ணிட்டீங்க மாமா” என்கிறான் தங்கை மகன். ஆமாம், 46,500 ரூபாய் போனது. மாற்றியபோது செலவழித்ததை அவன் கணக்கில் சேர்க்கவில்லை. அதுதான் வேஸ்ட்.

2020-க்குப் பிறகு மாருதி புது டீசல் காரே விடுவதில்லை. அதனால் பழைய டீசல் ஸ்விஃப்ட், ரிட்ஸ், விஸ்டாவுக்கெல்லாம் இன்னும் ஆள் தேடி வருகிறார்கள். உங்களில் பலர் வீட்டில் இந்த வண்டிகள் நிற்கின்றன. விற்கும் முன் மூன்று வேலை செய்யுங்கள். கழற்றியதை மாட்டுங்கள். மாட்ட முடியாததை எழுதிக் கொடுங்கள். பெயர் மாறாமல் சாவியைக் கொடுக்காதீர்கள்.

ஏற்கெனவே விற்றவர்கள் இன்றைக்கே பரிவாகன் தளத்தில் பழைய வண்டி எண்ணைப் போட்டுப் பாருங்கள், ஆர்.சி. இன்னும் உங்கள் பெயரில்தான் இருக்கிறதா என்று. இருந்தால் வெட்கப்படாமல் எனக்குப் போன் செய்யுங்கள். அடுத்து என்ன செய்வது என்று சொல்ல நம் பேட்சிலேயே இரண்டு வக்கீல்கள் இருக்கிறார்கள். என்னைத் திட்ட நினைப்பவர்கள் அதைப் பார்த்துவிட்டு வந்து கமெண்டில் திட்டலாம்.

என்றும் அன்புடன்,
உங்கள் அறிவியல் வாத்தியார்