பரிந்துரையும் அறநெறியும்

அரசினரிடஞ் சென்று தம் குறையை எடுத்துரைத்தல் குடிமக்களின் உரிமை. சட்டசபையின் முன்கூடத்தை ஆங்கிலேயர் 'லொபி' என்பர். அங்கு நின்று உறுப்பினரைத் தம்பக்கம் இணக்கும் முயற்சிக்கும் அதுவே பெயராயிற்று. அம்முயற்சி முழுவதையுமே இழிவென்று பழிப்பார் பலர். பழிக்கத்தக்கது கேட்டலன்று, கேட்கும் முறையே என்பது எமது துணிபு.

1915ஆம் ஆண்டில் இலங்கையிற் சிங்களவருக்கும் முஸ்லிம்களுக்குமிடையே கலகம் மூண்டது. ஜூன் மாதத்தில் இராணுவச் சட்டம் பிரகடனஞ் செய்யப்பட்டது. சிங்களத் தலைவர் பலர் சிறையிலிடப்பட்டனர். அக்காலை, சட்டநிரூபண சபையிற் படித்த இலங்கையரின் பிரதிநிதியாய் வீற்றிருந்த சேர் பொன்னம்பலம் இராமநாதன், அச்சட்டத்தின் கொடுமைகளைச் சபையில் எடுத்துரைத்தார். உலகப்போர் நிகழ்ந்துகொண்டிருந்த வேளையிற் கடல்கடந்து இலண்டன் சென்று, ஆங்குள்ள அரசினரிடமும் வாதாடினார். தம் வாதத்தை 1916இல் நூலாகவும் வெளியிட்டார். கலகத்தில் இன்னலுற்ற முஸ்லிம்களின் துயரை அவர் போதியவாறு கருதினாரல்லர் என்னுங் குறை இன்றும் கூறப்படுகின்றது. அக்குறையை ஆராய்வதற்கும் இடமளிப்பது அவர் சொற்கள் வெளிப்படையாய் இருந்தமையே. மறைவிற் சொல்லப்பட்டதை எவர் மறுக்க வல்லார்?

இனி, இதற்கு மாறானதொன்றைக் காண்போம். அமெரிக்க நாட்டின் வாஷிங்டன் நகரிற் பரிந்துரைத்தலையே தொழிலாகக் கொண்டவர் ஜாக் ஏப்ரமோவ். டெக்சாஸ் மாநிலத்து டிகுவா என்னும் ஆதிக்குடியினர் நடத்திய சூதாட்ட மனை 2002இல் மூடப்பட்டது. அதனை மூடுவிக்க மறைவில் உழைத்தோருள் அவரும் அவர்தங் கூட்டாளியும் அடங்குவர். பின்னர் அக்குடியினரையே அணுகி, மீளத் திறப்பிக்க உதவுவதாகக் கூறி, 42 இலட்சம் டொலர் கட்டணம் பெறச் செய்தனர். பூட்டியவரே திறவுகோலை விற்க வந்தமையை அம்மக்கள் அறியார். வேறு மோசடிகளும் வெளிப்பட, 2006இல் ஏப்ரமோவ் குற்றங்களை ஒப்புக்கொண்டு சிறை சென்றார்.

பரிந்துரைப்போர் தம்மைப் பதிவுசெய்து கணக்குக் காட்டவேண்டுமென்னுஞ் சட்டம் அந்நாட்டில் 1995இலேயே இயற்றப்பட்டிருந்தது. அஃதிருந்தும் இவ்வஞ்சனை நிகழ்ந்தது. 2007இல் விதிகள் மேலும் இறுக்கப்பட்டன. சட்டம் வேண்டும்; ஆயின் சட்டம் மாத்திரம் போதாது. ஒவ்வொருவரும் தம்மைத் தாமே வினவவேண்டிய வினா ஒன்றுண்டு: மந்திரியின் அறைக்குள் யான் கூறுவதை, எதிர்த்தரப்பாரும் அமர்ந்திருக்கும் அவையிற் கூற இயலுமா?

இவ்வினா பிறநாட்டாருக்கு மட்டும் உரியதன்று. நம் பழைய மாணவருள் மனுக் கொண்டுசெல்வோரும் உளர். மனுவை வாங்கித் தீர்க்கும் உத்தியோகத்தரும் உளர். இடமாற்றத்திற்குச் சிபாரிசுக் கடிதந் தேடுபவர், தமக்குப் பதிலாக அத்தூர இடத்திற்குச் செல்லவிருப்பவர் யாரென எண்ணிப் பார்ப்பதுண்டோ? கல்லூரிக்கு ஒரு விஞ்ஞானகூடம் வேண்டுமென்று நாமும் அமைச்சரை அணுகலாம், அது தவறன்று. ஆயின், அயற்கிராமத்துப் பாடசாலைக்கு முன்னதாக நமக்கு அது ஏன் வேண்டும் என்பதற்கு நம்மிடம் நேர்மையான விடை இருத்தல் வேண்டும். அவ்விடையை அப்பாடசாலையின் தலைமையாசிரியர் முன்னிலையிற் சொல்ல நாக் கூசுமாயின், அக்கூடம் நமக்கு வேண்டா.