பெரிய பெஞ்சும் சிறிய களமும்



கூடைப்பந்தாட்டத்தில் ஓர் அணிக்கு ஒரு நேரத்தில் ஐவரே களத்தில் நிற்கலாம். அமெரிக்கக் கல்லூரிகளில் ஆடவர் ஆட்டம் 40 நிமிடம் நடைபெறும். ஐந்தை நாற்பதால் பெருக்கினால் 200 நிமிடம். ஆட்டம் சமனில் நின்று நீட்டிக்கப்பட்டாலன்றி, பயிற்சியாளர் தம் பிள்ளைகளுக்குப் பங்கிட்டுக் கொடுக்கக்கூடிய செல்வம் இவ்வளவே. பங்கு கேட்போரோ பலர். அந்நாட்டு முதல்தரக் கல்லூரிகளில் 13 ஆட்டக்காரருக்கு முழு உதவித்தொகை வழங்க விதி நெடுங்காலம் இடமளித்தது. 2025 முதல் அணியில் 15 பேர் வரை இருக்கலாம் என்று அது மாறிற்று. முக்கியமான ஆட்டங்களில் எட்டு, ஒன்பது பேருக்கு மேல் களமிறக்கப் பயிற்சியாளர் பெரும்பாலோர் துணிவதில்லை. எஞ்சியவர்கள் வியர்வை படியாத சட்டையோடு பெஞ்சில் அமர்ந்து கைதட்ட வேண்டியதுதான்.

இவர்களெல்லாம் திறமையற்றவர்கள் என்று எண்ணிவிடலாகாது. ஒவ்வொருவனும் தன் ஊர்ப் பள்ளியில் முதல்வனாய் விளங்கியவன். அவன் ஆடும் நாளில் ஊரே திரண்டு வந்திருக்கும். பெரிய பல்கலைக்கழகம் ஒன்று அழைப்பு விடுத்த நாளில் குடும்பமே தலைநிமிர்ந்து நடந்திருக்கும். ஆறு மாதம் கழிந்த பின்னரோ, ஓர் ஆட்டத்தில் மூன்று நிமிடம் கிடைத்தால் பெரும்பேறு என்னும் நிலை. அப்பொழுதுதான் அவன் உள்ளத்தில் ஒரு கேள்வி பிறக்கிறது: இங்கேயே இருந்து காத்திருப்பதா, அன்றிப் பெயர் குறைந்த வேறு கல்லூரிக்குப் போய் ஆடுவதா?

ஆண்டுதோறும் அந்நாட்டில் பலர் இரண்டாம் வழியைத் தேர்ந்துகொள்கிறார்கள். இறங்கிச் செல்லுதல் என்றே அதனை அங்குள்ளோர் சொல்லுகின்றனர். முதல்தரத்தில் மட்டும் 360க்கும் மேற்பட்ட கல்லூரிகள் உள்ளன. அவற்றுள்ளும் செல்வமும் செல்வாக்கும் மிக்கவை சில, எளியவை பல. அதற்குக் கீழே இரண்டாம் தரம். அங்கே உதவித்தொகை அளவாகவே கிடைக்கும். மூன்றாம் தரத்தில் விளையாட்டிற்கென்று உதவித்தொகையே இல்லை. ஆகவே இறங்குகிறவன் புகழை மட்டும் விட்டுச் செல்வதில்லை. சில வேளைகளில் பெற்றோரின் பணப்பையிலும் கைவைக்கிறான்.

கிளேட்டன் கஸ்டர் என்னும் இளைஞரின் வரலாறு இங்கே சொல்லத்தக்கது. கான்சாஸ் மாநிலத்தில் ஓவர்லேண்ட் பார்க் என்னும் ஊரினர். பென் ரிச்சர்ட்சன் என்பவரோடு மூன்றாம் வகுப்பு முதற்கொண்டே கூடி ஆடியவர். பள்ளிக் கல்வி முடிந்ததும் நண்பர் இருவரும் பிரிய நேர்ந்தது. கஸ்டரை 2014இல் அயோவா மாநிலப் பல்கலைக்கழகம் ஏற்றுக்கொண்டது. ஏறத்தாழ 14,000 பேர் அமரும் அரங்கு, நாடறிந்த அணி. ரிச்சர்ட்சனோ சிகாகோ நகரின் லயோலாவுக்குச் சென்றார். லயோலா என்றதும் நம் வாசகர்க்குச் சென்னை நுங்கம்பாக்கமே நினைவுக்கு வரும். இதுவும் அதே இஞ்ஞாசியாரின் பெயர் தாங்கி, இயேசு சபையினர் 1870இல் தொடங்கிய கல்விக்கூடமே. அதன் விளையாட்டரங்கில் 5,000 பேர் அமரவும் இடமில்லை. 1963இல் தேசியப் பட்டம் வென்ற பழம்பெருமை உண்டு. ஆனால் 1985க்குப் பிறகு தேசியப் போட்டியின் வாயிலைக்கூட அது கண்டதில்லை.

அயோவாவில் முதலாண்டு முழுவதும் கஸ்டருக்குப் பெரும்பாலும் பெஞ்சுதான் வாய்த்தது. 2015இல் அதனைத் துறந்து லயோலாவுக்கு, பழைய நண்பரிடத்திற்கே, வந்து சேர்ந்தார். அக்கால விதிப்படி, முதல்தரக் கல்லூரி ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறுகிறவர் ஓராண்டு ஆடாமலிருக்க வேண்டும். பயிற்சி செய்யலாம், பாடம் படிக்கலாம், பந்தயத்தில் மட்டும் இறங்கலாகாது. நிமிடங்களைத் தேடி வந்தவருக்கு ஓராண்டுக்கு ஒரு நிமிடமும் இல்லை!

2018 மார்ச்சு 17 அன்று டல்லஸ் நகரில் லயோலா, டென்னசி அணியை எதிர்த்தாடிற்று. 3.6 வினாடியே எஞ்சியிருக்க, கஸ்டர் எறிந்த பந்து வளையத்தில் பட்டெழும்பிப் பலகையில் மோதிக் கூடைக்குள் விழுந்தது. 63-62. அப்படியே வென்று வென்று நாட்டின் கடைசி நான்கு அணிகளுள் ஒன்றாயிற்று அந்தச் சிறிய அணி. கான்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தை வென்று அந்நிலையை அடைந்த ஆட்டத்தில் 23 புள்ளிகள் எடுத்தவர் நண்பர் ரிச்சர்ட்சன். அயோவா அணி அவ்வாண்டு தேசியப் போட்டிக்கே தகுதி பெறவில்லை. இதைச் சொல்லி மகிழ்வது நமக்குத் தகாதுதான், எனினும் சொல்லாமலிருக்க மனம் இடந்தரவில்லை.

அந்த அணியின் ஆன்மகுருவாக விளங்கியவர் 98 வயது நிறைந்த அருட்சகோதரி ஜீன் டோலரஸ் ஷ்மிட். 1994 முதல் அப்பணியில் இருந்தவர். இளமையில் தாமும் பள்ளி அணியில் கூடைப்பந்தாடியவர். ஆட்டத்திற்குமுன் பிள்ளைகளோடு செபிப்பார். ஆட்டம் முடிந்தபின் அவர்களுக்கு மின்னஞ்சல் எழுதுவார். பாராட்டும் இருக்கும், திருத்தமும் இருக்கும். தள்ளுநாற்காலியில் அமர்ந்திருந்த அம்மூதாட்டியை அந்த மார்ச்சில் அமெரிக்கா முழுவதும் தொலைக்காட்சியில் கண்டது. அவரே தம் கணிப்பில் லயோலா கடைசிப் பதினாறு அணிகளுக்குள் வருவதோடு நின்றுவிடும் என்றுதான் குறித்திருந்தாராம். 2025 அக்டோபர் 9 அன்று, 106ஆம் வயதில், இறைவனடி சேர்ந்தார்.

அவ்வாண்டு அந்த வட்டாரக் கல்லூரிகளின் சிறந்த ஆட்டக்காரருக்கான விருதும் கஸ்டருக்கே கிடைத்தது. அவ்விருதின் பெயர் லாரி பேர்ட் கோப்பை. அப்பெயருக்குரியவரும் இறங்கி வந்தவரே. பிரெஞ்ச் லிக் என்னும் சிற்றூரிலிருந்து 1974இல் இந்தியானா பல்கலைக்கழகம் புகுந்தவர், 30,000 மாணவர் நிறைந்த அவ்விடத்தின் பெருங்கூட்டத்தில் மூச்சு முட்டி, ஒரு மாதம் நிறையுமுன்னே ஊர் திரும்பினார். அவருக்கு ஆட நேரம் கிடைக்காதென்பதன்று காரணம். ஓர் ஆட்டமும் தொடங்கவில்லையே. ஊர் நகராட்சியில் சாலை வேலையும் குப்பை அள்ளும் வேலையும் பார்த்தார். அடுத்த ஆண்டு, டெரஹோட் நகரிலுள்ள இந்தியானா மாநிலப் பல்கலைக்கழகம் என்னும் சிறிய இடத்தில் சேர்ந்தார். 1979இல் அந்த அணி 33 ஆட்டங்களைத் தொடர்ந்து வென்று இறுதிப் போட்டிக்கு வந்தது. மிச்சிகன் மாநில அணியிடம் 75-64 என்று தோற்றது உண்மையே. ஆயினும் பேர்டின் பெயரை அதன்பின் எவரும் மறக்கவில்லை.

இவ்விரு வரலாறுகளையும் படித்துவிட்டு, “இறங்கினால் ஏற்றம் உறுதி” என்று எவரேனும் முடிவு கட்டினால் அஃது அறியாமை. ஒரு கஸ்டருக்குப் பின்னே, சிறிய கல்லூரியிலும் பெஞ்சிலேயே அமர்ந்தவர் எத்தனையோ பேர். அவர்கள் பெயரை எந்தச் செய்தித்தாளும் எழுதுவதில்லை.

இக்காலத்தில் வழி மிகவும் இலகுவாகிவிட்டது. முன்னெல்லாம் வேறு கல்லூரியோடு பேசவே பழைய கல்லூரியின் அனுமதி வேண்டும். 2018 அக்டோபரில், விரும்புவோர் தம் பெயரை எழுதிவைக்கும் பொதுப் பதிவேடு ஒன்றைக் கல்லூரி விளையாட்டுகளை ஆளும் தேசியச் சங்கம் ஏற்படுத்திற்று. 2021 ஏப்ரலில், ஒருமுறை மாறுவோர் ஓராண்டு காத்திருக்க வேண்டியதில்லை என்றாயிற்று. 2024 ஏப்ரலில், படிப்பில் தேறியிருந்தால் எத்தனை முறையும் மாறலாம் என்றாயிற்று. 2021 சூலை முதல் ஆட்டக்காரர் தம் பெயரையும் உருவத்தையும் விளம்பரத்திற்கு விற்றுப் பொருளீட்டவும் இடமுண்டு. ஆகவே நிமிடத்தை நாடிப் போகிறவர் யார், காசை நாடிப் போகிறவர் யார் என்று பிரித்தறிவது கடினமாகிவிட்டது. 2025இல் ஆடவர் கூடைப்பந்தில் மட்டும் 2,000க்கும் மேற்பட்டோர் பெயர் பதிந்தனர். பெயர் பதிந்த எல்லாருக்கும் இடம் காத்திருக்கவில்லை. பதிந்தவனுக்குப் பழைய கல்லூரி உதவித்தொகையை அடுத்த பருவத்திற்கு நிறுத்திவிடவும் கூடும். இதை எத்தனை பெற்றோர் அறிந்திருக்கின்றனர்?

படிப்பின் கணக்கு இன்னொன்று. ஒரு கல்லூரியில் தேறிய பாடங்களை மற்றொரு கல்லூரி அப்படியே ஏற்றுக்கொள்வதில்லை. 2004 முதல் 2009 வரை கல்லூரி மாறிய மாணவர்கள், தாம் முன்பு பெற்ற பாட மதிப்பில் சராசரியாக 43 விழுக்காட்டை இழந்தனர் என்று அந்நாட்டு அரசின் தணிக்கை அலுவலகம் 2017இல் மதிப்பிட்டது. இது எல்லா மாணவர்க்குமான கணக்கு. விளையாட்டு வீரருக்கு மட்டும் உரியதன்று. ஆனால் பந்தாடப் போய்ப் பட்டத்தைத் தொலைத்தவன் நிலை யாதாகும்?

காத்திருப்பு ஆண்டு என்னும் அப்பழைய விதியை நியாயமென்று நாம் சொல்லமாட்டோம். பயிற்சியாளர்கள் நினைத்தபோது நினைத்த இடத்திற்குப் போனார்கள். லயோலாவை உயர்த்திய பயிற்சியாளர் போர்ட்டர் மோசரும் 2021இல் ஓக்லஹோமாவின் பெரிய அணிக்கு ஏறிச் சென்றார். அவரை ஓராண்டு சும்மா இரு என்று எவரும் சொல்லவில்லை. பிள்ளைக்கு ஒரு நீதி, பெரியவருக்கு ஒரு நீதி! ஆயினும் அந்த ஆண்டில் இளைஞன் புதிய இடத்தின் பழக்கவழக்கங்களைக் கற்றான், உடம்பைத் தேற்றினான், தோழரை அறிந்தான். பேர்டும் டெரஹோட்டில் முதலாண்டு ஆடாமலேயே இருந்தார். இன்று ஓராண்டுக்கு ஓர் ஊராக நான்கு ஆண்டில் நான்கு ஊர் திரிகிற பிள்ளைகளும் உண்டு. அவர்களுக்கு ஊரும் இல்லை, தோழரும் இல்லை.

பெற்றோரே, உங்களிடம் ஒரு சொல். பெரிய கல்லூரியின் பெயர் பொறித்த சட்டையை மகன் அணிந்திருக்கிறான் என்பதில் மகிழ்ச்சி யாருக்கு மிகுதி? பெரும்பாலும் அவனுக்கன்று. “அவன் இன்ன இடத்தில் இருக்கிறான்” என்று உறவினரிடம் சொல்லிக்கொள்ளும் நமக்குத்தான். இறங்கிப்போக மகன் அனுமதி கேட்கும்போது, தந்தை தன் மானத்தைக் காக்க “பொறுத்திரு” என்கிறார். அதையே பொறுமை என்னும் புண்ணியமாகவும் ஆக்கிவிடுகிறார். வேறு சிலரோ மகன் இரண்டு ஆட்டம் பெஞ்சில் அமர்ந்தவுடன் பயிற்சியாளர்மேல் பழிபோட்டு வேறிடம் தேடுகிறார்கள். முன்னவரைவிடப் பின்னவரால் விளையும் தீங்கே பெரிதென்பது நம் எண்ணம். அவனுடைய இடத்தில் ஆடுகிறவர் எத்தனை பேர், அவர்கள் எந்த ஆண்டில் படிக்கிறார்கள், எப்பொழுது வெளியேறுவார்கள் என்று எண்ணிப் பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும். இதற்கு விரல்விட்டு எண்ணத் தெரிந்தால் போதும்.

மேலேறிப் போகிறவர்களும் உண்டு. மாசசூசெட்சில் வில்லியம்ஸ் கல்லூரி என்னும் மூன்றாம் தரக் கல்லூரியில் ஓராண்டு ஆடிய டங்கன் ராபின்சன் 2014இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்திற்கு மாறினார். அவரும் ஓராண்டு காத்திருந்தார். பின்னாளில் மயாமி ஹீட் என்னும் தொழில்முறை அணிக்காக 2020 இறுதித் தொடரில் ஆடியவர் இவரே. 2018 மார்ச்சு 31 அன்று சான் அந்தோனியோ நகரில் லயோலாவை 69-57 என்று வீழ்த்தி வெளியேற்றியது இந்த மிச்சிகன் அணிதான். கீழிறங்கி வந்த ஒருவரும் கீழிருந்து ஏறி வந்த ஒருவரும் அன்று ஒரே களத்தில் ஓடினர்.

அதன்பின் ரிச்சர்ட்சன் பட்டம் பெற்று வெளியேறினார். காத்திருந்த ஓராண்டின் பயனாகக் கஸ்டருக்கு இன்னும் ஓராண்டு மீதியிருந்தது. மூன்றாம் வகுப்பிலிருந்து கூடி ஆடிய நண்பர் அருகில் இல்லாமல் 2018-19 பருவத்தை அவர் லயோலாவிலேயே ஆடி முடித்தார். அவ்வாண்டு அந்த அணி தேசியப் போட்டிக்குத் தகுதி பெறவில்லை.