தப்பாகப் பேசட்டும், தடுக்காதீர்கள்!

ஆவடியில் காலை நேரத்தில் எந்தத் தெருவில் நின்றாலும் பள்ளிக்கூடப் பிள்ளைகளைப் பார்க்கலாம். கழுத்தில் டை. முதுகில் மூட்டை போலப் பை. வேனில் ஏற்றும்போது தாய் ஒரு புத்தி சொல்லி அனுப்புகிறாள்: "இங்கிலீஷில் பேசு. தமிழில் பேசி அடி வாங்காதே!"

அந்தத் தாயைக் குறை சொல்ல முடியாது. ஆங்கிலம் தெரிந்தால் மகனுக்கு நல்ல வேலை கிடைக்கும் என்று நினைக்கிறாள். வாயைக் கட்டி, வயிற்றைக் கட்டிப் பள்ளிக்கூடச் சம்பளம் கட்டுகிறாள். அவள் ஆசை நியாயமான ஆசை.

ஆனால், அந்த ஆசை நிறைவேறுகிறதா?

சில பள்ளிக்கூடங்களில் தமிழில் பேசினால் அபராதம். ஆங்கிலத்தில் தப்பாகப் பேசினால் கேலி. தமிழும் பேசக்கூடாது, ஆங்கிலத்தையும் தப்பாகப் பேசக்கூடாது. பிள்ளை என்ன செய்யும்? வாயை மூடிக்கொள்ளும்! வாயை மூடிய பிள்ளைக்கு எந்த மொழியும் வராது.

பிள்ளை தப்பாகப் பேசுவது குற்றம் அல்ல. அது மொழி வருவதற்கு அடையாளம். மொழி நூல் அறிஞர்கள் பல ஆண்டுகள் ஆராய்ந்து கண்ட உண்மை இது.

தப்பு எங்கிருந்து வருகிறது?

"ஐ ரைஸ் ஈட்" என்கிறான் ஒரு சிறுவன். வகுப்பே சிரிக்கிறது. அவன் செய்தது என்ன? "நான் சோறு சாப்பிடுகிறேன்" என்று தமிழில் சொல்லும் வரிசையிலேயே ஆங்கிலச் சொற்களையும் அடுக்கிவிட்டான். தமிழில் வினைச்சொல் கடைசியில் வரும். ஆங்கிலத்தில் அது நடுவில் வரும். அவ்வளவுதான் வித்தியாசம்.

"இஸ்கூல்" என்கிறாள் ஒரு சிறுமி. அதற்கும் சிரிப்பு! தமிழில் புள்ளி வைத்த எழுத்து சொல்லின் முதலில் வராது. தொல்காப்பியம் சொல்லும் விதி இது. வாய்க்கு வராத ஒலிக்கு முன்னால் ஓர் உயிர் எழுத்தைச் சேர்த்துக்கொள்வதும் நம் வழக்கம். அதனால்தான் ராமன் "இராமன்" ஆனான். லட்சுமணன் "இலக்குவன்" ஆனான். புலவர்கள் செய்தால் இலக்கணம். ஆவடிச் சிறுமி செய்தால் தப்பா?

தாய்மொழிப் பழக்கம் புது மொழியிலும் வந்து நிற்கும் என்பதை அமெரிக்க அறிஞர் ராபர்ட் லாடோ 1957-ம் ஆண்டில் ஒரு புத்தகமாகவே எழுதினார். இரண்டு மொழிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், எங்கே தடுக்கும் என்பது ஆசிரியருக்கு முன்கூட்டியே தெரிந்துவிடும் என்றார்.

ஆங்கிலேயப் பிள்ளையும் தப்பு செய்கிறது!

எல்லாத் தப்பும் தமிழால் வருவது அல்ல. "கோ" என்றால் போ. போனான் என்பதற்கு "வென்ட்" என்று சொல்ல வேண்டும். நம் பிள்ளைகள் "கோட்" என்கிறார்கள். வேடிக்கை என்னவென்றால், ஆங்கிலேயர் வீட்டுப் பிள்ளைகளும் சிறு வயதில் இப்படியே சொல்கிறார்கள்!

"கோட்" என்று யாரும் அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. பல சொற்களைக் கேட்டு, அவற்றில் உள்ள விதியைப் பிள்ளை தானாகவே கண்டுபிடிக்கிறது. அந்த விதியை இந்தச் சொல்லுக்கும் போட்டுப் பார்க்கிறது. இது முட்டாள்தனம் அல்ல, மூளை வேலை செய்கிறது!

பிட் கார்டர் என்ற அறிஞர் 1967-ம் ஆண்டில் இதை எடுத்துச் சொன்னார். பிள்ளையின் தப்பு ஆசிரியருக்குக் கிடைத்த தகவல். பிள்ளை எவ்வளவு தூரம் வந்திருக்கிறது, இன்னும் எவ்வளவு தூரம் போக வேண்டும் என்பதை அது காட்டுகிறது. தப்பே செய்யவிடாமல் அடக்கினால், ஆசிரியருக்கு அந்தத் தகவல் கிடைக்காது.

சென்னையில் நடந்த சோதனை

இதெல்லாம் வெளிநாட்டுக் கதை என்று ஒதுக்க வேண்டாம். ஆங்கிலம் கற்பிப்பதில் உலகமே திரும்பிப் பார்த்த இரண்டு முயற்சிகள் நம் ஊரிலேயே நடந்தன.

முதல் முயற்சி, 1960-ம் ஆண்டை ஒட்டிய காலத்தில், சென்னை ராஜ்யத்தில் நடந்தது. ஆரம்ப வகுப்புகளில் ஆங்கிலம் நடத்தும் 27 ஆயிரம் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுக்கத் திட்டம் போட்டார்கள். சிலருக்குக் கற்றுக்கொடுப்பது, அவர்கள் போய்ப் பலருக்குக் கற்றுக்கொடுப்பது. உருள உருளப் பெருக்கும் பனிப்பந்து போல இருந்ததால், அதற்குப் "பனிப்பந்து" என்றே பெயர் வந்தது. வாக்கியங்களை எளிதில் இருந்து கடினத்துக்கு வரிசைப்படுத்தி, வாய்ப்பழக்கமாகச் சொல்லிக்கொடுக்கும் முறை அது.

அந்த முறையில் ஒரு குறை தெரிந்தது. வகுப்பில் கிளிப்பிள்ளை போல ஒப்பிக்கும் மாணவன், வெளியே வந்தால் பேசத் தடுமாறினான்.

இரண்டாவது முயற்சியைச் செய்தவர் என்.எஸ்.பிரபு. அவர் சென்னையில் பிரிட்டிஷ் கவுன்சிலில் பணிபுரிந்தவர். 1979 முதல் 1984 வரை பெங்களூர், சென்னை முதலிய ஊர்களின் பள்ளிக்கூடங்களில் புது முறையை நடத்திக் காட்டினார். இலக்கணப் பாடம் இல்லை. வாக்கியத்தை ஒப்பிப்பதும் இல்லை. ரெயில் அட்டவணையைக் கொடுத்துக் கேள்வி கேட்பது. வரைபடத்தைக் கொடுத்து வழி கேட்பது. பிள்ளையின் கவனம் எல்லாம் விடை கண்டுபிடிப்பதில் இருக்கும். ஆங்கிலம் பக்கத்துணையாகக் கூடவே வரும். தப்பு வந்தால் ஆசிரியர் போகிற போக்கில் திருத்துவார். பாடத்தை நிறுத்தி வைத்து இடிக்கமாட்டார்.

இந்த வகுப்புகளை, பழைய முறையில் படித்த வகுப்புகளோடு இரண்டு அறிஞர்கள் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். 1985-ம் ஆண்டில் முடிவை வெளியிட்டார்கள். முழு வெற்றி என்று அவர்கள் சொல்லவில்லை. ஆனால், பொருளில் கவனம் வைத்தாலே பிள்ளைக்கு இலக்கணமும் வந்து சேரும் என்ற கருத்துக்கு ஓரளவு ஆதாரம் இருக்கிறது என்றார்கள்.

ஆவடி கற்றுத்தரும் பாடம்

இதற்கு ஆவடித் தெருவே சாட்சி! 1961-ம் ஆண்டில் இங்கே டாங்கித் தொழிற்சாலை ஏற்பட்டது. விமானப்படையும் மத்திய ரிசர்வ் போலீசும் இங்கே இருக்கின்றன. பல மாநிலத்துக் குடும்பங்கள் பக்கத்துப் பக்கத்து வீடுகளில் வாழ்கின்றன.

மாலையில் பிள்ளைகள் சேர்ந்து கிரிக்கெட் ஆடுகிறார்கள். தமிழ்ப் பையன் அரைகுறை இந்தி பேசுகிறான். இந்திக்காரப் பையன் அரைகுறைத் தமிழ் பேசுகிறான். அங்கே அபராதம் இல்லை. கேலி செய்ய நேரம் இல்லை. பந்து எங்கே என்பதுதான் கேள்வி! சில மாதங்களில் இருவருக்கும் பேச்சு வந்துவிடுகிறது.

இந்தத் தைரியம் வகுப்பறையிலும் வேண்டும். ஆவடியில் இருந்து அரக்கோணத்துக்குப் போகும் ரெயில் அட்டவணையைப் பிள்ளைகள் கையில் கொடுக்கலாமே! "பத்து மணிக்கு அரக்கோணத்தில் இருக்க வேண்டும். எந்த ரெயிலில் ஏறுவாய்?" என்று ஆங்கிலத்தில் கேட்கலாமே!

திருத்தவே வேண்டாமா?

"தப்பை விட்டால் அதுவே பழகிவிடாதா?" என்று பெற்றோர் கேட்பார்கள். நல்ல கேள்வி. திருத்தத்தான் வேண்டும். எப்படித் திருத்துவது என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது.

கனடா நாட்டில் லிஸ்டர், ராண்டா என்ற இருவர் பிரெஞ்சு மொழி வகுப்புகளைக் கவனித்து, 1997-ம் ஆண்டில் முடிவு சொன்னார்கள். ஆசிரியர் தாமே சரியான வாக்கியத்தைச் சொல்லிவிட்டுப் போனால், பல நேரங்களில் மாணவர் காதில் அது ஏறவில்லை. "என்ன சொன்னாய்? இன்னொரு முறை சொல்" என்பது போலத் தூண்டியபோது, மாணவர்கள் தாங்களே திருத்திக்கொண்டார்கள்.

ஆகவே, பிள்ளை பேசி முடிக்கும்வரை காத்திருக்க வேண்டும். பிறகு கேட்க வேண்டும். முகம் சுளிக்காமல் கேட்க வேண்டும். வராவிட்டால் தமிழில் விளக்கிச் சொல்லலாம். தமிழ் ஆங்கிலத்துக்குப் பகை அல்ல. அதில் ஏறுவதற்கு வைத்த ஏணி.

பிள்ளையை அடிப்பதையும், மனம் நோகச் செய்வதையும் 2009-ம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் தடை செய்திருக்கிறது. தாய்மொழியில் பேசியதற்காகப் பத்துப் பேர் முன்னால் நிற்கவைப்பது மனத்தை நோகச் செய்வது அல்லாமல் வேறு என்ன?

பள்ளிக்கூடம் தேடும் பெற்றோர்கள் கட்டடத்தைப் பார்க்கிறார்கள். பஸ் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். இனிமேல் இன்னொன்றையும் விசாரிக்க வேண்டும்: "என் பிள்ளை தப்பாகப் பேசினால் என்ன செய்வீர்கள்?"

அபராதம் என்று பதில் வந்தால், அங்கே ஆங்கிலம் வராது. பயம்தான் வரும்.

விழுந்து எழாமல் நடை பழகிய குழந்தை இல்லை. தப்பாகப் பேசாமல் மொழி பழகிய மனிதரும் இல்லை!