கண்ணாடி என்ன பாவம் செய்தது?

பழைய அம்பாசடரின் முன்விளக்கு மங்கிவிட்டது என்று வாய்தவறிச் சொன்னால் போதும், யோசனை சொல்லாத ஆளே கிடையாது. "டூத் பேஸ்ட்டைப் போட்டுத் தேயுங்க சார், பளிச்சுனு ஆயிடும்" என்கிறார் பெட்ரோல் பங்கில் காற்றடிப்பவர். தன் காருக்கு வாங்கிய வாட்டர் பேப்பர் மிச்சம் இருக்கிறது என்று பக்கத்து வீட்டுக்காரர் ஓடிவருகிறார். கார் கழுவும் கடைக்காரரோ ஒரு பாட்டில் பாலிஷை எடுத்து மேஜைமேல் வைத்துவிட்டுத்தான் விலையையே பேசுகிறார். எல்லாருக்கும் நல்ல மனசுதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த விளக்கை ஒருதரம் நகத்தால் தட்டிப் பார்த்துவிட்டுப் பேசக் கூடாதா ஐயா? அது கண்ணாடி!

மஞ்சள் பூப்பது பிளாஸ்டிக் விளக்கு. பாலிகார்பனேட் முகப்பு கொண்ட விளக்குகளை அமெரிக்கா அனுமதித்தது 1983-இல். அடுத்த வருட மாடலாக வந்த லிங்கன் மார்க் செவனில் அது ஏறியது. எடை குறைவு, எந்த வடிவத்துக்கும் வளையும் என்பதால் உலகமே அதன் பின்னால் போய்விட்டது. அதன்மேல் இருக்கும் காப்புப் பூச்சை வெயில் தின்றுவிடும். பிறகு முகப்பு மஞ்சளாகும், வெளிறும். அதைத்தான் 800, 1500, 2000 என்று நைசாகிக்கொண்டே போகும் தாள்களால் ஈரத்தில் தேய்த்து, புதிதாக யுவி பூச்சு அடிக்க வேண்டும். பூச்சு அடிக்காமல் விட்டால் சில மாதங்களில் பழைய கதைதான். பேஸ்ட் மகிமையும் அந்த வகை விளக்கோடு சரி, அதுவும் கொஞ்ச நாளைக்கு.

கண்ணாடிக்கு அந்தத் தாளைக் கொண்டுவந்தால் என்ன ஆகும்? வாட்டர் பேப்பரில் ஒட்டியிருக்கும் சிலிக்கான் கார்பைடு கண்ணாடியைவிடக் கடினம். நாலு இழுப்பு இழுத்தால் விளக்கு பாத்ரூம் ஜன்னல் கண்ணாடி மாதிரி ஆகிவிடும். பேஸ்ட்டோ நேர் எதிர். அதிலுள்ள சுண்ணாம்புப் பொடிக்குக் கண்ணாடியைத் தொடுகிற வலுவே இல்லை. கை வலிப்பதுதான் மிச்சம்.

கண்ணாடிக்கு வரும் கோளாறுகள் வேறு. போர் தண்ணீரில் கழுவிக் கழுவிப் படிகிற உப்புப் படலம் ஒன்று. வினிகரில் நனைத்த துணியைக் கொஞ்ச நேரம் மேலே போட்டுவைத்தால் இளகி வந்துவிடும். லாரிகள் தெறிக்கவிடும் ஜல்லியால் விழும் பொடிக்குழிகள் இன்னொன்று. மெல்லிய கீறல் என்றால் சீரியம் ஆக்சைடு பொடியைத் தண்ணீரில் குழைத்து, ஃபெல்ட் வைத்து, சூடேறாமல் பொறுமையாகத் தேய்த்து எடுக்கலாம். ஆழமான குழி போகாது. அவ்வளவுதான் கண்ணாடியின் கதை.

உண்மையில் கண்ணாடி குற்றவாளியே இல்லை என்பதுதான் என் வயிற்றெரிச்சல். பல்பைக் கழற்றிவிட்டு அந்த ஓட்டை வழியாக செல்போன் டார்ச்சை அடித்துப் பாருங்கள். உள்ளே ரிஃப்ளெக்டர் தெரியும். மேல்பாதி மங்கலாக, பால் படர்ந்த மாதிரி. கீழ்ப்பாதியில், மழைத்தண்ணீர் தேங்கிய மட்டத்துக்கு ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே பழுப்புப் புள்ளிகள், அங்கங்கே தகடு துருவேறி வெள்ளியே இல்லாத திட்டுகள். காரணம் வேறெங்கும் இல்லை, பல்புக்குப் பின்னால் இருக்கும் ரப்பர் மூடி வெடித்திருக்கும். சொற்பக் காசுகூடப் பெறாத ரப்பர்! அதன் வழியே ஈரம் உள்ளே போய் வருடக்கணக்காகக் குடித்தனம் நடத்தியிருக்கும்.

அந்த வெள்ளி என்பது வெற்றிடத்தில் அலுமினியத்தை ஆவியாக்கிப் படியவைத்த பூச்சு; ஒரு மைக்ரான்கூட இருக்காது. துணி சுற்றிய விரலை உள்ளே விட்டுத் துடைத்தீர்களானால் துணி சுத்தமாகும், ரிஃப்ளெக்டர் காலியாகும். தூசி மட்டும்தான் என்றால் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரை உள்ளே விட்டுக் குலுக்கி வடித்து, தானாகக் காயவிட வேண்டும். பூச்சே போயிருந்தால் திரும்பப் பூச வேண்டும். பூசும் இடங்கள் இருக்கின்றன. ஆனால் ஜோடி ஒன்றுக்காக மெஷினை ஓட்டமாட்டார்களாம், "மொத்தமா கொண்டாங்க சார்" என்கிறார்கள். எங்கே போக மொத்தத்துக்கு? "குரோம் போட்டுடலாம்" என்கிறார் பாலிஷ் பட்டறைக்காரர். கண்ணுக்குப் பளபளக்கும், உண்மைதான். ஆனால் அலுமினியப் பூச்சு ஏறக்குறைய 90 சதவீத வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும் என்றால் குரோம் 65 சதவீதத்தைத் தாண்டாது. சில்வர் பெயின்ட் அடித்துத் தருகிறேன் என்றவரைப் பற்றிப் பேசாமல் இருப்பதே நல்லது.

அடுத்த கூத்து ஒயர். ஹெச்-4 பல்பு டிம்மில் 55 வாட், பிரைட்டில் 60 வாட். பழைய வண்டியில் இரண்டு பல்புக்கும் போகும் சுமார் 10 ஆம்பியர் கரன்ட் முழுக்க டேஷ்போர்டு சுவிட்ச் வழியாக, டிப்பர் வழியாக, நூல் மாதிரி ஒயரில் சுற்றிக்கொண்டு வருகிறது. தொடுமுனைகள் கறுத்து 10 சதவீத வோல்டேஜ் இறங்கினாலே வெளிச்சம் சுமார் 30 சதவீதம் விழுந்துவிடும். இரண்டு ரிலே, கொஞ்சம் தடித்த ஒயர், சுரண்டி இறுக்கிய எர்த், வேலை முடிந்தது. இதைச் சொன்னால் எலெக்ட்ரீஷியன் என்னைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டு, "எதுக்கு சார் தொல்லை? 100/90 பல்பு போட்டுடறேன்" என்கிறார். ஏற்கெனவே மூச்சு வாங்கும் அதே ஒயரில் இன்னும் கரன்டை இழுத்தால் சுவிட்ச் உருகும், மிச்சமிருக்கும் வெள்ளியும் சூட்டில் கருகும்.

இல்லாவிட்டால் எல்.இ.டி. அந்தக் கண்ணாடியின் உட்புறத்தில் இருக்கும் வரிகளும் பட்டைகளும் ஒரு சின்ன இழை ஒரே இடத்தில் எரியும் என்று கணக்குப் போட்டு வார்த்தவை. இழை இருந்த இடத்தில் வேறு அமைப்பைச் செருகினால் வெளிச்சம் ரோட்டைத் தவிர எல்லா இடத்துக்கும் போகும், முக்கியமாக எதிரே வருபவர் கண்ணுக்கு.

எல்லோரும் கடைசியில் வந்து நிற்கும் இடம், "டூமையே, அதான் விளக்கு முழுசையுமே, மாத்திடுங்க". மாற்றலாம். 7 அங்குல வட்ட விளக்கு. அமெரிக்கா 1940-இலேயே பொதுவாக்கிய அளவு, நம் ஊர் ஜீப்புக்கும் அதேதான். ஆனால் கடையில் எடுத்துத் தருவது பெரும்பாலும் பிளாஸ்டிக் முகப்பு. ரெண்டு வெயிலில் அதுவும் மஞ்சள் பூக்கும், அன்றைக்குப் பேஸ்ட் யோசனை நிஜமாகவே தேவைப்படும். ஐரோப்பாவிலிருந்து வந்த கண்ணாடி என்று ஆசைப்பட்டால், அது பெரும்பாலும் வலப்பக்கம் ஓட்டும் ஊருக்கானது. டிம்மிலேயே வலப்பக்கம் தூக்கி அடிக்கும். சென்னைப் புதுப்பேட்டையின் பழைய சாமான் கடைகளில் தேடினால் அசல் கண்ணாடி கிடைக்கும், உள்ளே என் விளக்கில் இருப்பதைவிட அதிகத் துருவோடு.

15 வருடம் தாண்டிய சொந்தக் காரை 5 வருடத்துக்கு ஒருமுறை பிரேக் இன்ஸ்பெக்டரிடம் காட்ட வேண்டும். அதற்காகவாவது ஒழுங்காகச் செய்வார்கள் என்றால், அதுவரை தாங்கினால் போதும் என்று ஒரு பாலிஷ். கழற்றிப் பார்த்து, பழுது கண்ணாடியிலா, வெள்ளியிலா, ஒயரிலா என்று சொல்லத் தெரிந்த ஒரு கைக்கு நான் தாராளமாகக் கூலி தருவேன். புதுசை மாட்டிக்கொடுப்பவருக்கும் ஒரே ஒரு வேண்டுகோள்: திருகை முறுக்கியதும் சாவியை நீட்டிவிடாதீர்கள். வண்டியைச் சுவரிலிருந்து 10 மீட்டர் தள்ளி நிறுத்தி, டிம் வெளிச்சத்தின் மேல்விளிம்பு விளக்கின் உயரத்துக்கு 10 சென்டிமீட்டர் கீழே விழுகிறதா என்று பாருங்கள். பட்டறையில் சுவருக்குமா பஞ்சம்?