பினாங்குக்குப் போனால்தான் பிழைப்பா?

"தொழில்நுட்ப வேலை வேண்டுமானால் கெடாவை விட்டுப் பினாங்குக்கோ கோலாலம்பூருக்கோ குடிபோ, சம்பளமும் வாய்ப்பும் அங்கேதான்" என்கிறார்கள்.

1. கூலிம் உயர் தொழில்நுட்பப் பூங்கா 1996இல் திறக்கப்பட்டது. அது எந்த மாநிலம்? கெடாதான். இன்டெல் அங்கே உண்டு. இன்ஃபினியன் 2024 ஆகஸ்டில் சிலிக்கான் கார்பைடு ஆலையைத் திறந்ததும் அங்கேதான்.

2. பினாங்கில்தான் வேலையா? அதற்கு வீட்டையும் மாற்ற வேண்டுமா? கெடாவின் சுங்கைப் பட்டாணியிலிருந்து பினாங்கின் பட்டர்வொர்த்துக்குக் கொமுட்டர் ரயில் ஓடுகிறதே!

3. சம்பளத்தைச் சொல்பவர்கள் வாடகையை ஏன் விழுங்குகிறார்கள்? மாதக் கடைசியில் மிஞ்சுவதுதான் கணக்கு.

4. தோட்டங்களைத் துண்டுபோட்டு விற்ற காலத்தில் நம் பெரியவர்கள் வழியின்றிப் பெயர்ந்தார்கள். வழியுள்ள பிள்ளையை ஏன் விரட்டுகிறீர்கள்?

போகிறவர் போகட்டும். இருப்பவரைச் சோம்பேறி என்னாதீர்கள்.