சார்ஜருக்குத் தனி விலையாம்!

போச்சம்பள்ளிச் சந்தையில் ஏர் விற்கிறவன் கொழுவைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, “இதற்குத் தனிக் காசு” என்றால் விடுவோமா? நமது கிருஷ்ணகிரி ஜில்லாவில் மின்சார ஸ்கூட்டர் செய்யும் பெருமுதலாளிகள் அதைத்தான் செய்தார்கள்.

2019-ல் வந்த மத்திய சர்க்காரின் மானியத் திட்டத்தில் ஒரு நிபந்தனை இருந்தது. ஆலையிலிருந்து வெளிவரும் விலை 1,50,000 ரூபாய்க்குள் இருந்தால்தான் மானியம். கம்பெனிகள் சார்ஜருக்கு ஒரு பில், சாப்ட்வேருக்கு ஒரு பில் என்று பிரித்தன. காகிதத்தில் விலை வரம்புக்குள் நின்றது. மானியமும் வந்தது, வாங்கியவன் பையிலிருந்து மீதியும் வந்தது. சார்ஜர் இல்லாத மின்சார வண்டி எதற்கு? கோழி ஏறி உட்காரவா?

சர்க்கார் பிடித்த பிறகே, 2023 மே மாதம், வாங்கியவர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தர ஒப்புக்கொண்டார்கள். போச்சம்பள்ளி ஓலா சுமார் 130 கோடி, ஓசூர் ஏதர் சுமார் 140 கோடி, ஓசூர் டி.வி.எஸ். 15 கோடிக்கு மேல்! ஜூன் 1-ல் மானிய உச்சவரம்பு விலையில் 40 சதவீதத்திலிருந்து 15 சதவீதமாக வெட்டப்பட்டதும், மூவரும் விலையை ஏற்றினார்கள்.

மானியம் யார் பணம்? சோப்புக்கும் செருப்புக்கும் வரி கட்டுகிற மில் தொழிலாளியின் பணம், விவசாயத் தொழிலாளியின் பணம். பத்தாயிரம் பெண்களுக்கு வேலை என்று 2021-ல் ஓலா முழங்கியது. வண்டி பூட்டும் பெண் அதே வண்டியை வாங்க எத்தனை மாதக் கூலி வேண்டும்? விளம்பரத்தில் அந்தக் கணக்கு மட்டும் வராது.

பொதுப்பணம் வாங்கிய கம்பெனி, ஒரு வண்டியில் பாட்டரிக்கு எவ்வளவு, கூலிக்கு எவ்வளவு, லாபம் எவ்வளவு என்று கடைவாசலில் எழுதி ஒட்டட்டும்.