தொண்டையை அடைப்பது தலைவிதியா?

நம் மக்களில் ஒருவருக்குச் சோறு தொண்டைக்குக் கீழ் இறங்காமல் அடைத்துக்கொண்டால், வைத்தியரைத் தேடுவதற்கு முன் ஜோசியனையும் மந்திரக்காரனையும் தேடுவதும், தாயத்தும் விபூதியும் பலிக்காமற் போன பின்பு "அவன் தலையெழுத்து" என்று கையை விரித்துவிடுவதும் வழக்கமாயிருக்கின்றது. உணவுக்குழாயில் புற்றுநோய் கண்டவனுக்கு இப்படி வீணாய்க் கழிகின்ற மாதங்களே எமனாக முடிகின்றன. 2022ஆம் ஆண்டில் மாத்திரம் உலகத்தில் சுமார் 5 லட்சத்து 11 ஆயிரம் பேருக்கு இந்நோய் கண்டது. சுமார் 4 லட்சத்து 45 ஆயிரம் பேர் இதனால் மாண்டார்கள். இத்தனை தலைகளிலும் ஒரே எழுத்தை எழுதியவன் யார் என்று கேட்கின்றோம்.

சீன தேசத்தில் ஹெனான் மாகாணத்தைச் சேர்ந்த லின்சியன் என்னும் பிரதேசம், இந்நோய் உலகத்திலேயே மிக அதிகமாய் இருந்த இடங்களில் ஒன்று. அங்கு ஆராயப் போனவர்கள், மனிதர்களுக்கு மட்டுமல்லாமல் அவர்கள் வளர்த்த கோழிகளுக்குங்கூட தொண்டைக்குழாயில் புற்று இருக்கக் கண்டார்கள். மனிதனுக்கு வந்தது பூர்வ ஜென்மப் பாவமென்றால், கோழிக்கு வந்தது எந்த ஜென்மத்துப் பாவம்? கோழி எந்தச் சாமியை நிந்தித்தது? ஆகவே காரணத்தை ஆகாயத்தில் தேடாமல், தின்பதிலும் குடிப்பதிலும் வாழ்கின்ற வகையிலும் தேடுவதுதானே அறிவு!

அப்படித் தேடினார்கள். லின்சியனில் சுமார் 29 ஆயிரம் பேரை வருஷக் கணக்காய்க் கவனித்து வந்ததில், பற்களை இழந்தவர்களுக்கு இந்நோய் அதிகமாய் வருவது தெரிந்து 2001இல் வெளியாயிற்று. ஈரானில் கொலெஸ்தான் மாகாணத்திலும் பல் போனவர்களிடத்திலும், பல் துலக்காதவர்களிடத்திலும் இப்படியே கண்டு 2008இல் வெளியிட்டார்கள். இதனால் பல் போனதே நேராகப் புற்றை உண்டாக்கிற்று என்று நாம் சொல்ல வரவில்லை. அது இன்னும் ருசுவாகவில்லை. வறுமையும், சத்தற்ற உணவும், புகையிலையும் பல்லையும் கெடுக்கும், குழாயையும் கெடுக்கும். ஆனாலும் அசுத்தமான வாயில் பெருகுகின்ற கிருமிகள், குடிக்கின்ற சாராயத்தை அசிட்டால்டிஹைடு என்னும் விஷமாக மாற்றுகின்றன என்பதும், அந்த விஷம் எச்சிலோடு உணவுக்குழாயில்தான் இறங்குகின்றது என்பதும் மெய்.

நிற்க, மேலிருந்து வருகின்ற கேடு இதுவானால், கீழிருந்து வருகின்ற கேடும் ஒன்றுண்டு. வயிற்றிலுள்ள புளிப்பு நீர் மேலே எதுக்களித்து உணவுக்குழாயை ஓயாமல் அரித்தால், குழாயின் உட்தோல் நாளடைவில் குடலின் தோலைப்போல் மாறிவிடுகின்றது. அதிலிருந்து வேறொரு வகைப் புற்று கிளம்பக்கூடும். வாரத்துக்கு ஒரு முறையாவது நெஞ்செரிச்சல் உடையவர்களுக்கு, இல்லாதவர்களைவிட இவ்வகைப் புற்று ஏழெட்டு மடங்கு அதிகமென்று ஸ்வீடன் தேசத்தில் 1999இல் கணக்கிட்டார்கள். இதைக் கேட்டு யாரும் கலங்க வேண்டியதில்லை. இந்தப் புற்று அபூர்வமானது. நெஞ்செரிகின்றவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு அது வருவதேயில்லை. ஆனால் வருஷக் கணக்காய் எரிகின்ற நெஞ்சுக்குச் சோடா குடித்து ஏப்பம் விட்டுக்கொண்டே காலத்தைத் தள்ளுவது புத்தியாகாது. உடல் பெருக்காமல் காத்துக்கொள்வதும், சாப்பிட்டவுடன் படுக்காமலிருப்பதும், வைத்தியரிடம் காட்டுவதுமே புத்தி.

இனி நம் வீட்டு விஷயத்துக்கு வருவோம். தாம்பூலம் மங்களகரம் என்கிறார்கள். கலியாணத்துக்கும் தாம்பூலம், கருமாதிக்கும் தாம்பூலம்! புகையிலை சேர்த்த தாம்பூலம் மாத்திரமல்ல, சேர்க்காத தாம்பூலமும் வாயிலும் உணவுக்குழாயிலும் புற்றை உண்டாக்குகின்றதென்று, உலக சுகாதார ஸ்தாபனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் 2012இல் வெளியிட்டிருக்கின்றது. 65 டிகிரிக்கு மேற்பட்ட சூட்டில் பானங்களைக் குடிப்பதும் புற்றுக்குக் காரணமாகக் கூடுமென்று அதே நிலையம் 2016இல் சொல்லிற்று. பெரியவர்கள் மென்றார்கள், பாட்டன் கொதிக்கக் கொதிக்கக் குடித்தான் என்பதெல்லாம் ஒரு நியாயமாகுமா?

ஆகையால் தோழர்களே! புகையிலையையும், பாக்கையும், சாராயத்தையும் விட்டொழியுங்கள். காலையும் இரவும் பல் துலக்குங்கள். ஈறில் இரத்தம் கண்டால் பல் வைத்தியரிடம் போங்கள். கெட்டியான சோறு இறங்கத் தடைப்பட்டால், கஞ்சி இறங்குகின்றதே என்று திருப்திப்பட்டுவிடாதீர்கள். அடுத்தபடி கஞ்சியும் நிற்கும். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்க் குழாய் விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். விதி என்று சொல்லி உட்கார்ந்திருப்பவனுக்காக எந்தப் புற்றும் காத்திராது.